மேசைக்கு வேர்க்கவில்லை

ரெஜினா அக்கா இறந்த செய்தி ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. சிம்பாங் ரெங்கம் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். உலு திராமிலிருந்து அவருடைய மகன் அழைத்தார். "சார், அம்மா போயிட்டாங்க. நேத்து மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தாங்க, எழுந்திரிக்கல. ஒரு கஷ்டமும் படல சார்" என்றார். மீன்காரர் பையை நீட்டியபடி நின்றிருந்தார். நான் அதை வாங்க மறந்து காருக்கு நடந்துவிட்டேன். அவர்தான் பின்னாலேயே ஓடிவந்து கொடுத்தார்.

எங்கள் இடைநிலைப்பள்ளியில் படித்த உங்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவர் அங்கே ஆய்வுக்கூட உதவியாளர். சாஆ ஊருக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, படிவம் ஐந்து முடித்து, நேராக இந்த வேலைக்கு வந்தவர். நான் இயற்பியல் ஆசிரியனாக வந்து சேர்ந்தபோது அவர் அங்கே பத்து ஆண்டுகளைக் கடந்திருந்தார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் அவரை அக்கா என்றேன். அவர் என்னைக் கடைசிவரை சார் என்றார். பாடம் நடக்கும்போது பின்வரிசைத் தொட்டியில் குவளைகளைக் கழுவிக்கொண்டிருப்பார். கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டும் இருந்தார் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது.

சாமான்களுக்கு உயிர் இருப்பதுபோல் அவர் பேசும் பேச்சு எங்களுக்குப் பழக்கம். சுருள்வில்லை இழுத்து மாட்டிவிட்டு மாணவர்கள் நகர்ந்தால், "டேய், நீ மறந்துட்டுப் போயிருவ. அது மறக்காது. பட்டுனு மூஞ்சில வந்து அடிக்கும்" என்பார். சுருள்வில்லில் சக்தி சேமிக்கப்படுவதை நான் இரண்டு பாடவேளைகளில் விளக்குவேன். தேர்வில் பிள்ளைகளுக்கு நினைவில் நின்றது அக்காவின் வாக்கியம்தான்.

ஊசல் பாடமும் அவருடையதே. கூரையிலிருந்து கயிற்றில் தொங்கும் இரும்புக் குண்டை ஒருவர் தம் மூக்கு நுனிவரை இழுத்துப் பிடித்து, தள்ளாமல் விடவேண்டும். அது எதிர்ப்பக்கம் போய்த் திரும்பி வரும். ஆனால் புறப்பட்ட உயரத்தைத் தாண்டி வராது, மூக்கில் இடிக்காது. இதைச் செய்து காட்ட முதல் ஆண்டில் எனக்குத் துணிச்சல் இல்லை. "நான் நிக்கிறேன் சார்" என்று அக்கா வந்து சுவரோரம் நின்றார். குண்டை விடுமுன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். குண்டு போய், வந்து, மூக்குக்கு ஒரு விரல் தூரத்தில் நின்று திரும்பியது. வகுப்பு கூச்சலிட்டது. அக்கா கண்ணிமைக்கவில்லை.

"இயற்பியல் மேல அவ்வளவு நம்பிக்கை இருந்தா, சிலுவை எதுக்கு அக்கா?" என்று பிறகு கேட்டேன்.

"குண்டு மேல நம்பிக்கை இருக்கு சார். கயிற கட்டுனது நீங்க."

இப்போது நான் சொல்ல வந்த சம்பவத்திற்கு வருகிறேன். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

படிவம் நான்கில் 'வேலை, சக்தி' என்ற பாடம். ஒரு பொருள் நகர்ந்தால்தான் வேலை நடந்ததாகக் கணக்கு. எவ்வளவு பாரத்தைத் தாங்கி நின்றாலும், அது நகரவில்லை என்றால் வேலை பூஜ்யம். ஆண்டுதோறும் நடத்தியதுபோலவே நடத்தினேன். பெரிய பூஜ்யமாகப் பலகையில் எழுதி வட்டமும் போட்டேன். இரண்டு நாள் கழித்து, மதியம் பள்ளி விடும் நேரத்தில், ஆய்வுக்கூட வாசலில் ஒருவர் வந்து நின்றார். தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டுபவர். பெயர் முனியாண்டி. என் மாணவி யாமினியின் அப்பா. வேலைச் சட்டையோடு வந்திருந்தார். காலணியை வெளியே கழற்றியிருந்தார்.

"சார், மன்னிச்சிக்கணும். மகளுக்கும் எனக்கும் வீட்ல கொஞ்சம் வாக்குவாதம். தோள் வலிக்குதுன்னு சொன்னேன். அதுக்கு அவ, 'நீங்க கோலைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறது வேலையே இல்லப்பா, இஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க, பூஜ்யம்'ங்குறா. சாரா அப்படிச் சொன்னீங்க?"

செம்பனைக் கோல் எவ்வளவு நீளம் என்பது உங்களுக்குத் தெரியும். உயரமான மரங்களுக்கு இரண்டு மாடி உயரக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டியிருப்பார்கள். அதை நிமிர்த்திப் பிடித்து, குலைக்குக் குறிபார்த்து நிற்பதிலேயே பாதி உயிர் போய்விடும். இதெல்லாம் எனக்கும் தெரியும். இருந்தும் நான் சொன்னது இதுதான்: "அண்ணே, அது பாடத்துக்கு மட்டும். புத்தகத்துல அப்படித்தான் இருக்கு. நீங்க மனசுல வச்சிக்காதீங்க."

அவர் தலையசைத்தார். வாசலில் காலணியை மாட்டிக்கொண்டு போனார்.

பின்வரிசைத் தொட்டியருகே இருந்த அக்கா குழாயை மூடினார். "சார், ஒன்னு கேக்கலாமா? வேலை பூஜ்யம்னா அவருக்கு ஏன் வேர்க்குது?"

பதினோரு ஆண்டுகளாக நடத்திய பாடம். ஒருமுறைகூட எனக்குத் தோன்றாத கேள்வி. "தெரியல அக்கா" என்றேன்.

"அப்ப தெரியலன்னே சொல்லியிருக்கலாமே சார். அந்த மனுசன் நிம்மதியா போயிருப்பாரு."

அந்த வாரம் முழுவதும் படித்தேன். கல்லூரிப் புத்தகங்களை எடுத்தேன். உயிரியல் ஆசிரியை ஹாஜா நோராவிடம் போய் உட்கார்ந்தேன். தசை என்பது பூட்டிய தாழ்ப்பாள் அல்ல என்று அவர் விளக்கினார். கை அசையாமல் இருப்பதுபோல் தெரிந்தாலும், உள்ளே நார்கள் இறுகுவதும் தளர்வதுமாக ஓயாமல் இயங்குகின்றன. அதற்குச் சாப்பாட்டிலிருந்து வந்த சக்தி செலவாகி வெப்பமாகிறது. கோலின் மீது நடந்த வேலைதான் பூஜ்யம். மனிதன் செலவழித்த சக்தி பூஜ்யம் அல்ல. நான் இரண்டையும் ஒன்றாக்கி வட்டம் போட்டிருந்தேன்.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் அக்காவிடம் ஓடினேன். "என்கிட்ட ஏன் சொல்றீங்க? தோட்டத்துக்குப் போய்ச் சொல்லுங்க" என்றார். நீங்களே சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன். "நான் போய்ச் சொன்னா லேப் அக்கா ஆறுதல் சொல்றான்னு ஆயிரும். பலகையில எழுதுனது நீங்க. வாங்க."

சனிக்கிழமை இருவரும் போனோம். முனியாண்டி தேநீர் கொடுத்தார். நான் தவறாக நடத்திவிட்டேன் என்பதை யாமினி முன்னிலையிலேயே சொன்னேன். யாமினி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அக்கா, நான் எதிர்பாராத ஒன்றைக் கேட்டார்: "அண்ணே, செவ்வாக்கிழமை கோலோட பள்ளிக்கூடம் வர்றீங்களா?"

வந்தார். கோல் ஆய்வுக்கூடத்திற்குள் நுழையாததால் பாடம் திடலில் நடந்தது. ஒரு மேசையைத் தூக்கிவரச் சொல்லி, அதன்மேல் குடுவைகளை மாட்டும் கனமான இரும்புத் தாங்கி ஒன்றை அக்கா வைத்தார். அதே போன்ற இன்னொன்றை வகுப்பிலேயே பலசாலியான ஹக்கிமிடம் கொடுத்து, கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னார். அவனுக்குப் பக்கத்தில் முனியாண்டி கோலை நிமிர்த்தி நின்றார். இரண்டு நிமிடத்தில் ஹக்கிமின் கை நடுங்கியது. மூன்றில் முகம் சிவந்தது. மாணவர்களைப் பார்த்து அக்கா மலாயில் கேட்டார்: "மேசையும் தாங்குது, ஹக்கிமும் தாங்குறான். ரெண்டு பேரும் எதையும் நகர்த்தல. மேசைக்கு வேர்க்குதா?"

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அப்படியொரு பாடத்தை நான் அதற்குமுன் நடத்தியதில்லை. ஹக்கிம் தாங்கியைக் கீழே வைத்தபின்னும் முனியாண்டி அசையாமல் நின்றுகொண்டிருந்தார். சீனப் பையன்கள் இருவர் கோலைத் தூக்கிப் பார்க்க போட்டி போட்டார்கள், "அலமாக்!" என்று மலாயில் வியந்து பாரத்தில் சாய்ந்தார்கள். முனியாண்டி சிரித்தபடி, இடுப்பை எப்படி நிறுத்தவேண்டும் என்று மலாயில் சொல்லிக்கொடுத்தார். அப்போது யாமினி ஒரு குவளைத் தண்ணீரோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "எங்க அப்பா" என்று தன் தோழியிடம் சொன்னாள். சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்த செய்திதான். ஆனாலும் சொன்னாள்.

அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகள், தோள் ஒத்துழைத்தவரை, முனியாண்டி அந்தப் பாடத்திற்கு வந்தார். மாணவர்களுக்கு அவர் 'சிக்கு சக்தி', அதாவது சக்தி வாத்தியார்.

பணி ஓய்வுக்குப் பின் அக்கா மகன் வீட்டுக்குப் போனார். பேரப்பிள்ளைகளும் தேவாலயப் பாடற்குழுவுமாக நிறைவாகவே இருந்தார். அடக்கத்திற்கு முனியாண்டியும் யாமினியும் வந்திருந்தார்கள். பாசிர் கூடாங்கில் பொறியாளராக இருக்கும் யாமினி அழுதாள். முனியாண்டி அழவில்லை. பெட்டியைச் சுமக்க ஆள் தேடியபோது முதலில் போய்த் தோள்கொடுத்தார். "வலிக்குமே அண்ணே" என்றேன். "வலிக்கட்டும் சார்" என்றார்.

அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இது. இப்போதெல்லாம் அந்தப் பாடத்தைச் சூத்திரத்தில் தொடங்குவதில்லை. வீட்டில் யார், என்ன செய்து களைக்கிறார்கள் என்று கேட்டு வரச் சொல்கிறேன். பிள்ளைகள் கொண்டுவருவதை வைத்துப் பாடம் நடத்துகிறேன். போன வாரம் ஒரு மாணவி எழுந்தாள். அவளுடைய அம்மா தினமும் எல்லை தாண்டிச் சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்குப் போகிறவர். நாள் முழுக்கத் திரையைப் பார்த்துப் பழுதான பொருள்களைப் பிரித்தெடுப்பவர்.

"அம்மா உட்கார்ந்துதான் இருக்காங்க சார். ஏர்கோன் குளிர் வேற. ஆனா வீட்டுக்கு வந்ததும் மனசே களைச்சிப் போச்சுங்கறாங்க. அந்தச் சக்தி எங்க போகுது?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். வகுப்பு என்னை ஆச்சரியத்தோடு பார்த்தது. வியாழக்கிழமைக்குள் படித்துவிட்டு வருகிறேன், அம்மாவிடம் இன்னும் நன்றாக விசாரித்து வா என்றேன். அவள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.