ஆறு நாள் இஃதிகாஃப்

ஏழு வயதில் தொழ ஆரம்பித்தேன். நாற்பத்து மூன்று வயதில் ஒரு நாள் பிற்பகல் அசர் தொழுகையை முடித்து எழுந்தபோது, நான்கு ரக்அத் தொழுதேனா மூன்று தொழுதேனா என்று தெரியவில்லை. ஆனால் தொழுது முடிப்பதற்குள் குக்கரில் எத்தனை விசில் வந்தது என்று தெரிந்தது. மூன்று. அன்றைக்கு எனக்கு என் மீதே ஆத்திரம் வந்தது. இத்தனை வருடமாகத் தினமும் ஐந்து வேளை ஒருவன் முன்னால் போய் நிற்கிறேன். ஒரு வேளையாவது அவனைப் பற்றி நினைத்தேனா? அல்லாஹு அக்பர் என்று கையைக் கட்டியதும், புளி ஊறப் போட்டோமா என்று மனது அடுப்படிக்குக் கிளம்பிவிடும்.

எனக்குள் ஒரு ஆசை இருந்தது. சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை. ஒரே ஒரு ஸஜ்தாவில், நெற்றி தரையில் இருக்கும்போது, நான் பேசுவது அவன் காதில் விழுகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். நம்பிக்கை இல்லாமல் கேட்கவில்லை; நம்பிக்கைக்கு ஒரு குறைவும் இல்லை. ஆனால் பக்கத்து அறையில் மகள் இருக்கிறாள் என்பது எப்படித் தெரிகிறதோ, அப்படித் தெரிய வேண்டும். அந்த ஏக்கம் வயதாக வயதாகக் குறையும் என்று நினைத்தேன், கூடிக்கொண்டுதான் போனது.

போத்தனூரில் ரயில்வே லைனுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. வீட்டுக்காரருக்கு உக்கடத்தில் பழைய இரும்புக் கடை. ஒரே மகள், அப்போது காலேஜில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். தொண்ணூறுகளின் நடுவில், ரமலான் மாசிப் பனியில் வந்துகொண்டிருந்த காலம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் வாரம் ஒருமுறை பெண்களுக்குப் பயான் நடக்கும். மார்க்கம் படித்த ஓர் ஆலிமா வந்து பேசுவார். ரமலானின் கடைசிப் பத்து நாள் ஆண்கள் பள்ளிவாசலிலேயே தங்கி இஃதிகாஃப் இருப்பது போல, பெண்கள் தங்கள் வீட்டில் தொழுகிற இடத்திலேயே இருக்கலாம் என்று அவர் ஒரு நாள் சொன்னார். இருக்கிறேன் என்று மனதில் நிய்யத் செய்து உட்கார்ந்துவிட்டால், கழிவறைக்கும், கை கால் கழுவும் ஒளூவுக்கும் தவிர அந்த இடத்தை விட்டு எழக்கூடாது.

"அடுப்படிக்குங்க?" என்று கேட்டேன்.

"கூடாதுங்க."

எனக்கு அங்கேயே பாதி சொர்க்கம் தெரிந்துவிட்டது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அதிகம் பேசமாட்டார், பேசினால் கிண்டலாகத்தான் பேசுவார்.

"பத்து நாளா? சோறு ஆரு ஆக்கறது?"

"மக ஆக்குவாளுங்க."

"அவ சமையல்னா, நோன்பு தொறந்த பெறகும் நோன்பாத்தான் இருக்கோணும்," என்றார். அதற்கு மேல் தடை சொல்லவில்லை.

ஒரு பெண்ணுக்கு இதில் வேறொரு தடை உண்டு. மாதவிலக்கு வந்தால் தொழுகை இல்லை, நோன்பு இல்லை, குர்ஆனைத் தொட முடியாது. இஃதிகாஃபும் அந்த நிமிடமே முறிந்துவிடும். தள்ளிப்போடுகிற மாத்திரை மருந்துக் கடையில் கிடைக்கும், ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் போட்டுக்கொள்வார்கள் என்று ஆலிமா காதோடு சொன்னார். நான் காலண்டரைப் பார்த்தேன். பெருநாள் முடிந்து ஆறாம் நாள்தான் வரவேண்டும். மாத்திரை எல்லாம் எனக்கு எதற்கு என்று சொல்லிவிட்டு வந்தேன். தலைக்கனம், வேறென்ன.

இருபதாம் நோன்பு அன்று சாயங்காலம் நடு அறையின் மூலையில், பீரோவிலிருந்து ஜன்னல் கம்பிக்குக் கயிறு கட்டிப் பழைய வாயில் சேலை ஒன்றைத் திரையாகப் போட்டேன். உள்ளே தொழுகைப் பாய், குர்ஆன், தஸ்பீஹ் மணி, ஒரு தலையணை. பொழுது சாயும் மஃரிபு பாங்குக்கு முன்னால் நிய்யத் செய்து உட்கார்ந்தேன். புதுப்பெண் மாதிரி இருந்தது.

முதல் இரண்டு நாள் நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. திரை கண்ணைத்தான் மறைத்தது, காதை மறைக்கவில்லை. கரண்டிச் சத்தத்தை வைத்தே மகள் நோன்புக் கஞ்சியை அடிப்பிடிக்க விடுகிறாள் என்று தெரிந்துவிடும். "கிண்டு, கிண்டு, அடியோட கிண்டு," என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பேன். வெந்தயம் போட்டாயா, பூண்டு உரித்தாயா, பால்காரருக்குப் பாத்திரம் வைத்தாயா. இரண்டாம் நாள் வீட்டுக்காரர் திரைக்கு வெளியே வந்து நின்றார்.

"நீ உள்ள அல்லாகிட்டப் பேசறயா, அடுப்புகிட்டப் பேசறயா?"

அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ஏனுங்க அம்மணி, ஆளையே காணமுங்களே, ஒடம்புக்கு ஏதுங்களா?" என்றார். அவர்கள் கவுண்டர் வீடு. விவரத்தைச் சொன்னேன். "சமையக்கட்டுக்கே போகாம பத்து நாளுங்களா? உங்க சாமி நல்ல சாமிங்க. எங்க ஊட்டுல கேட்டுப்போட்டு நானும் வந்து உக்காந்துக்கறனுங்க," என்றார். இருவரும் சிரித்தோம். அவர் போன பிறகு வெகு நேரம் ஓத முடிந்தது.

அன்று மதியம் அடுத்த தெரு அம்மா ஒருவர் வந்தார். வயதானவர், கணவர் இல்லை. ஒரே மகன் சவூதிக்குப் போய் ஐந்து மாதமாகக் கடிதம் இல்லை. திரைக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, "கண்ணு, நீ இப்ப அவன் வாசல்ல உக்காந்திருக்கே. நீ கேட்டா கெடைக்கும். இருபத்தேழாம் ராத்திரி என்ற மவன் பேரைச் சொல்லிக் கேளு," என்றார். சரிங்கம்மா என்றேன். குர்ஆன் இறங்கிய லைலத்துல் கத்ர் பெரும்பாலும் இருபத்தேழாம் இரவு என்று எங்களுக்கு நம்பிக்கை. அன்று கேட்கிற துஆவுக்கு மதிப்பே வேறு. ஒரு தாய் என்னிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போகிறாள் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஐந்தாம் நாள் காலை. வீட்டில் யாரும் இல்லை. முற்பகலில் தொழுகிற லுஹா தொழுதுகொண்டிருந்தேன். இரண்டாவது ரக்அத்தின் ஸஜ்தாவில் நெற்றியை வைத்ததும், என்னை யாரோ பார்க்கிறார்கள் என்று தோன்றியது. பயமாக இல்லை. தூங்குகிற பிள்ளையை நின்று பார்ப்பார்களே, அப்படி. ஒரு மூச்சு நேரம் இருந்திருக்கும். உடனே, "ஆ, வந்துவிட்டது," என்று மனது துள்ளியது, துள்ளியதும் போய்விட்டது. அதன் பிறகு எத்தனையோ ரக்அத் தொழுதேன், திரும்ப வரவில்லை. பரவாயில்லை, இருபத்தேழாம் இரவு இருக்கிறது என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

இருபத்தாறாம் நோன்பு. எங்களுக்கு இரவு முந்தி, பகல் பிந்தி; அன்றைய இரவுதான் இருபத்தேழாம் இரவு. மதிய லுஹர் தொழுது முடித்து ஓத உட்கார்ந்தேன். அடிவயிற்றில் பிடித்து இழுத்தது. கழிவறைக்குப் போய்ப் பார்த்தேன். வந்துவிட்டது, பத்து நாளுக்கு மேல் முந்திக்கொண்டு. அந்த வயதில் உடம்பு காலண்டர் பார்ப்பதில்லை என்பது அப்போது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் கழித்து ஒரு தடவை உன்னிடம் வந்து உட்கார்ந்தேன், ராத்திரிக்கு என்று சொல்லிவைத்துவிட்டு மத்தியானமே முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்துகிறாயே என்று உள்ளுக்குள் கத்தினேன். அப்புறம் ஒரு காரியம் செய்தேன். யாரிடமும் சொல்லாமல் திரைக்குள் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

நோன்பு காலத்தில் எங்கள் பெண்களுக்கு இது பழக்கம்தான். அந்த நாட்களில் ஆண்களுக்குத் தெரியாமல் அடுப்படி மூலையில் ஒரு வாய் சாப்பிட்டுக்கொள்வோம். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எல்லோரோடும் எழுந்து உட்காருவோம். ஆனால் நான் செய்தது அது இல்லை. இஃதிகாஃப் முறிந்த பிறகும் இருக்கிற மாதிரி காட்டிக்கொண்டேன். தெருவே என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. துஆவுக்கு ஆள் வருகிறது. திரையை அவிழ்த்துவிட்டுப் போய் வெங்காயம் நறுக்க எனக்கு மனம் வரவில்லை.

அன்று இரவு வீட்டுக்காரர் பள்ளிவாசலுக்குப் போனார். மகள் திரைக்கு அந்தப் பக்கம் நின்று தொழுதாள், ஓதினாள், அழுதாள். நான் இந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தேன். துஆ கேட்கத் தடை இல்லை, அவன் பேரைச் சொல்லித் திக்ரு செய்யவும் தடை இல்லை. எல்லாம் தெரியும். ஆனால் வீம்பு. ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அம்மாவின் மகனுக்கும் கேட்கவில்லை. சஹருக்கு நோன்புக்காரி போலவே சாப்பிட்டேன்.

விடிந்தது. வீட்டுக்காரர் கடைக்குப் போய்விட்டார். பதினோரு மணி இருக்கும், வயிறு காந்தியது, தலை வலித்தது. திரையின் அடியில் ஒரு கை நீண்டது. ஒரு தட்டு உள்ளே வந்தது. தட்டில் ஒரு பன், ஒரு டம்ளர் டீ.

நான் தட்டைத் தொடவில்லை.

"அத்தா போயிட்டாருங்கம்மா. டீ ஆறிப்போகும், குடிங்க," என்றாள் மகள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து அசர்ல இருந்து உங்க வளையல் சத்தம் கேக்கலீங்க."

ஸஜ்தாவுக்குப் போகும்போது கண்ணாடி வளையல் தரையில் பட்டுச் சத்தம் கேட்கும். ஐந்தாறு நாளாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவள் சமைத்திருக்கிறாள். அது நின்றதும் புரிந்துகொண்டாள். புரிந்தும் இரவு முழுவதும் ஒன்றும் கேட்காமல் தொழுதிருக்கிறாள். சஹருக்கு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். அவளுக்கு அந்த நாட்கள் வரும்போது அவள் அத்தாவுக்குத் தெரியாமல் நான் தட்டை மூடி வைப்பேன். அதைத்தான் அவள் எனக்குத் திருப்பிச் செய்தாள்.

பன்னைப் பிட்டு வாயில் வைத்தேன். அல்லாஹ்வே, நீயும் இப்படித்தானே இருந்தாய் என்று தோன்றியது. நேற்றிலிருந்து எல்லாம் பார்த்துக்கொண்டு, காட்டிக்கொடுக்காமல். அப்போதுதான் அழுகை வந்தது. அதுவரை நான் கேட்ட துஆ எல்லாம் மனப்பாடம் செய்த அரபு. அன்று வாய் நிறையப் பன்னோடு எங்கள் வீட்டுப் பேச்சில் கேட்டேன். "அல்லா, உனக்குத் தெரியும். என்றகிட்ட இப்பத் தொழுகையும் இல்ல, நோன்பும் இல்ல, பத்து நாளும் இல்ல. வெக்கங்கெட்டுப்போய் உக்காந்திருக்கேன். என்னைய விடு. அந்தம்மா மகனைப் பாத்துக்க." கறிக்கடைக்காரரிடம்கூட 'ங்க' போட்டுப் பேசுகிற ஊரில், அவனிடம் 'ங்க' இல்லாமல் பேசினேன். அந்த மகன் பேரையும் சொல்லிப் பேசிக்கொண்டே இருந்தேன். அவன் கேட்டான். எப்படித் தெரியும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. அறை முழுக்கத் தெரிந்தது.

டீ ஆறிப்போய்த்தான் குடித்தேன். பிறகு எழுந்து சேலையை அவிழ்த்து மடித்தேன். சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும், "எனக்குத் தொழுகை இல்லீங்க. நேத்து மத்தியானத்துல இருந்து," என்றேன். எங்கள் வீடுகளில் அவ்வளவு சொன்னால் போதும். வெறும் மூலையை அவர் பார்த்தார்.

"அப்பறம் எதுக்கு உள்ளயே உக்காந்திருந்தே?"

"வெக்கமா இருந்துச்சுங்க."

கிண்டல் செய்வார் என்று காத்திருந்தேன். "ஆறு நாள் இருந்தயல்ல. நானெல்லாம் ஆறு நிமிசம் ஒழுங்கா நின்னதில்ல," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

அடுத்த நாள் அந்த அம்மா வந்தார். நான் அடுப்படியில் இருப்பதைப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது. பெண்ணுக்குப் பெண், சொல்லாமலே விளங்கும்.

"எப்ப இருந்து கண்ணு?"

"இருபத்தாறு மத்தியானத்துல இருந்துங்கம்மா."

"அப்ப அன்னைக்கு ராத்திரி கேக்கலியா?"

பொய் சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. "ராத்திரி கேக்கலீங்க. கோவத்துல இருந்தேன். மறுநாள் காலைலதான் கேட்டேன். தொழுகை இல்லாம, நோன்பு இல்லாம, வாய்ல பன்னை வெச்சுக்கிட்டுக் கேட்டேங்க."

அவர் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். நான் தலை குனிந்துகொண்டேன்.

"என்ற மவன் பேரைச் சொன்னியா?"

"சொன்னேங்க. அதைத்தான் அழுது கேட்டேன்."

"போதும் கண்ணு," என்றார்.

அவர் மகனிடமிருந்து கடிதம் ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. வேலை மாறி, ஊர் மாறி, அலைந்திருக்கிறான். என் துஆவால் வந்தது என்று அவர் தெருவெல்லாம் சொன்னார். நான் மறுக்கவும் இல்லை, தலையாட்டவும் இல்லை.

இரண்டு மூன்று வருடத்தில் எனக்கு மாதவிலக்கு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு பத்து நாளும் முழுதாக இருந்திருக்கிறேன். இருபத்தேழாம் இரவும் தொழுதேன், இருபத்தொன்பதாம் இரவும் தொழுதேன். ஆலிமா கட்டிப்பிடித்து வாழ்த்தினார். எல்லாம் சரியாக இருந்தது. அந்தப் பன் தின்ற காலை மட்டும் வரவில்லை. அதைக் கொடுத்தால் இருந்த பத்து நாட்களையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இன்றைக்கும் ஒளூ செய்து, நல்ல சேலை உடுத்தி, ஒரு வேளை குறையாமல் போய் நிற்கிறேன். அவன் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். அன்றைக்குப் போல வெறுங்கையோடு போக எனக்குத்தான் தெரியவில்லை.