நான் வந்ததால் வந்த நரம்பு

நியூசிலாந்தில் புக்கெகோஹி என்ற சிற்றூரில் நானும் அம்மாவும் வாடகைக்கு இருந்தது ஒரு வீட்டின் பின்பாதியில். முன்பாதியில் ஒரு மவோரிப் பெண் தன் நாயோடு இருந்தாள். எங்களை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டெடுத்த மாமா தொலைவில் பிளாக்ஹவுஸ் பே என்ற இடத்தில் இருந்தார். கார் இல்லாமல் அங்கே போய்வருவது பெரும் பாடு. எங்களிடம் கார் இல்லை. அப்பா விசா கிடைக்காமல் கொழும்பிலேயே நின்றுவிட்டார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு ஏழு வயது.

மன்னாரில் ஆசிரியையாக இருந்த அம்மாவுக்கு இங்கே வெங்காயம் தரம்பிரிக்கும் கொட்டகையில் வேலை. சீமெந்துத் தரையில் காலையிலிருந்து நின்றபடியே செய்யும் வேலை. வீட்டுக்கு வந்ததும் சோபாவில் சாய்ந்துவிடுவார். நான் ஓடிப்போய் மடியில் ஏறிக்கொள்வேன். என் உச்சந்தலையில் நாடியை ஊன்றியபடி அம்மா வெகுநேரம் அப்படியே இருப்பார்.

பள்ளிக்கூட வருடம் முடியும் கோடைத் தொடக்கத்தில் எங்கள் வகுப்பைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள். பெற்றோரும் வரலாம் என்றதால் அம்மா லீவு போட்டுவிட்டு வந்தார். பாவாடையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். சிரிக்கவும் செய்தார். அப்போதுதான் என் தோழி, உன் அம்மாவின் காலுக்குள் என்ன, புழுவா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவள் கெட்ட பிள்ளை இல்லை. குரல்தான் கொஞ்சம் பெரிது.

நானும் அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன். கெண்டைக்காலில் நரம்புகள் நீலமும் பச்சையுமாகத் தடித்து, நெளிந்து, முழங்காலின் பின்பக்கம்வரை ஏறியிருந்தன. கணுக்காலைச் சுற்றிச் சிலந்திவலை போல மெல்லிய சிவப்புக் கோடுகள். அம்மா பாவாடையைக் கைவிட்டார். அது அலையில் நனைந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "அம்மா, இது ஏன் இப்பிடி வந்தது?"

"நீ வயித்துக்குள்ள இருக்கேக்க வந்தது. அவ்வளவு பாரம் நீ" என்று சொல்லி அம்மா என் மூக்கைப் பிடித்து ஆட்டினார்.

பகிடியாகத்தான் சொன்னார். நான் அதை முழு உண்மையாக எடுத்துக்கொண்டேன். அன்றோடு மடியில் ஏறுவதை விட்டேன். சோபாவின் மறுமுனையில் ஒடுங்கி உட்கார்ந்தேன். பாரத்தைக் குறைப்பதற்காக இடியப்பத்தில் பாதியை முன்வீட்டு நாய்க்குப் போட்டேன். நாய் கொழுத்தது. ஒரே கட்டிலில் படுத்தாலும் என் கால் அம்மாவின் காலில் பட்டுவிடாதபடி சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"கிட்ட வாவன் பிள்ளை" என்று அம்மா கூப்பிடுவார்.

"நோ, ஐம் ஓகே" என்பேன். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட மரியாதை அது. கொஞ்ச நாளில் அம்மா கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார். நல்ல வெயிலிலும் நீளக் காற்சட்டைதான் போட்டார்.

அந்தக் கோடை முடிவதற்குள் ஒரு பின்னேரம் அம்மா குளித்துக்கொண்டிருந்தார். "பிள்ளை, துவாய் கொண்டு ஓடி வா!" என்ற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அம்மா இரவு உடுப்பைச் சுற்றிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி நின்றார். கணுக்காலுக்கு மேலே நகம் பட்ட நரம்பிலிருந்து இரத்தம் பீறிட்டுக்கொண்டிருந்தது. குளியலறைத் தரை முழுக்கச் சிவப்பு. நான் துவாயை எறிந்துவிட்டு முன்வீட்டுக் கதவைப் போய் இடித்தேன்.

அந்தப் பெண் ஓடி வந்தாள். அம்மாவைத் தரையில் படுக்க வைத்தாள். காலைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு துவாயால் அழுத்திப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் இரத்தம் நின்றுவிட்டது. அம்மா கண்ணை மூடியபடி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டே கிடந்தார். இரத்தம் நின்ற பிறகும் விடவில்லை.

மறுநாள் அவளே எங்களைத் தன் காரில் டாக்டரிடம் கூட்டிப்போனாள். காலிலிருந்து இரத்தம் மேல்நோக்கி ஏற வேண்டும் என்றார் டாக்டர். ஏறியது திரும்ப இறங்காமல் தடுக்க நரம்பு என்று நாம் சொல்லும் இரத்தக்குழாய்க்குள் சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. அவை பலமிழந்தால் இரத்தம் கீழேயே தேங்கி நரம்பு புடைத்துச் சுருளும். நடந்தால் கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே தள்ளிவிடும். ஒரே இடத்தில் நின்றால் தள்ளாது. தோலில் தெரியும் சிவப்புக் கோடுகளும் இதே போலத்தான், ஆனால் பெரும்பாலும் ஆபத்தில்லாதவை.

உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டார். தன் தாய்க்கும் தமக்கைக்கும் இருந்தது என்றார் அம்மா. அதுவும் ஒரு காரணம், நின்றபடி செய்யும் வேலை ஒரு காரணம், பிள்ளைப்பேறு ஒரு காரணம் என்றார் டாக்டர். எனக்குக் கடைசிக் காரணம் மட்டும்தான் கேட்டது. டாக்டரே சொல்லிவிட்டார், இனி என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இறுக்கமான காலுறை கொடுத்தார்கள். கொட்டகையிலும் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றினார்கள். அடுத்த வருடம் அப்பாவும் வந்து சேர்ந்தார். அதற்குள் நான் மடியில் உட்காரும் வயதைத் தாண்டியிருந்தேன்.

என் மகள் வயிற்றில் இருந்தபோது என் தொடையிலும் அந்தச் சிவப்புக் கோடுகள் வந்தன. அம்மாவிடம் காட்டி, நான் பாரத்தைக் குறைத்த கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

"நான் நினைச்சன், என்ர காலைப் பாத்து உனக்கு அருவருப்பு எண்டு" என்றார். "அந்தச் சினேகிதப் பிள்ளை கேட்டதுக்குப் பிறகுதானே நீ விலகினனி."

"ஏன் என்னட்டக் கேக்கேல்லை?"

"ஓம் எண்டு சொல்லிப்போடுவாயோ எண்டு பயம்."

அம்மாவுக்கு வலி காலில்தான் என்று அந்த ஏழு வயதில் நான் நம்பியிருந்தேன். தொடுவதற்கும் தொடப்படுவதற்கும் அந்த ஊரில் அவருக்கு என்னைவிட்டால் வேறு யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியாது.