எல்லோர் முன்னும் கேட்ட கேள்வி

சண்டையில் சம்பூர்ப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்ததற்கு அடுத்த வருடம் அது. திருகோணமலை டவுனில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். என் அண்ணாவுக்கு எச்.ஐ.வி. இருப்பது அதற்கு முன்பே தெரியும். அதைக் கண்டுபிடித்த ஆஸ்பத்திரியில் ஒரு ஊழியர் வார்டு முழுக்கச் சொல்லித் திரிந்ததில், முதல் இருந்த வீட்டுக்காரர் ஒரே கிழமையில் எங்களை வீட்டைவிட்டு எழுப்பிவிட்டார். அதன்பிறகு அந்த நோயின் பெயரை நாங்கள் வாயால் சொல்வதில்லை. சோதனைச் சாவடிகளில் இளம் ஆண்களை மறித்து வைத்த காலம் என்பதால், கொழும்புக்குப் போய் அவருடைய மருந்துக் குளிசைகளை வாங்கி வருவது நான்தான்.

பிறகு அவருக்கு விடாத இருமல். டவுன் கிளினிக்கில் சளியைச் சோதித்துக் காசநோய் என்றார்கள். பின்னால் வரிசையில் அத்தனை பேர் நிற்க, மருந்து அட்டையை நிரப்பிய தாதி உரத்த குரலில், "வேற ஏதும் குளிசை போடுறீங்களோ?" என்று கேட்டார். அண்ணா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். "இல்லை" என்றார்.

இரண்டு மாதத்தில் இருமல் குறைந்தது. ஆனால் ஆள் உருகிப்போனார். வாயெல்லாம் புண், திரும்பவும் காய்ச்சல். அதே தாதி எல்லோருக்கும் கேட்க, குளிசையை எறிந்துவிட்டுப் பொய் சொல்வதாக ஏசினார். ஒரு நேரம்கூடத் தவறவிடாத மனிதர் தலைகுனிந்து நின்றார்.

மருந்து கொடுக்கும் பிரிவில் வேலை செய்த கிண்ணியாப் பெண் ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தி, கதிரையில் இருத்தினார்.

"தங்கச்சி, கொழும்பில இருந்து ஏதும் மருந்து எடுக்கிறீங்களா? வருத்தத்தின்ர பேர் சொல்ல வேணாம். குளிசையைக் காட்டினாப் போதும்."

காட்டினேன். காசநோய்க் குளிசைகளில் ஒன்று இந்தக் குளிசையின் வலுவை உடம்புக்குள்ளேயே குறைத்துவிடும் என்று விளங்கப்படுத்தினார். அண்ணா ஒழுங்காக மருந்து போட்டும் எச்.ஐ.வி. அடங்காததற்குக் காரணம் அதுதான்.

"உங்கட பிழையில்ல. ரெண்டு வருத்தத்துக்கும் ஒண்டா மருந்து போட ஏலும். ஆனா கொழும்புக் குளிசையில ஒண்டை மாத்த வேணும்."

அன்றைக்கே கிளினிக்கின் காசநோய் டாக்டரிடம் சொல்லி, கொழும்பு டாக்டருடன் கதைக்க வைத்தார். அடுத்த கிழமை மாற்றிய குளிசையோடு நான் திரும்பி வந்தேன்.

அண்ணா தப்பிவிட்டார். இன்றைக்குச் சீனன்குடாப் பக்கம் வேலைக்குப் போய்வருகிறார். எனக்குத்தான் கோபம் ஆறவில்லை. ஒரு மனிதனை வெட்கப்படுத்திப் பொய் சொல்ல வைத்துவிட்டு, பிறகு அவன் சொல்லாத பொய்க்காக அவனையே ஏசுவது என்ன நியாயம் என்று இன்றும் மனம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது.