பதினொரு தகடுகள்

சிக்கல் ஊருக்குப் பக்கத்துக் கண்மாயில், எண் தகடு அடித்த கருவேல மரங்களை ஆண்டுதோறும் சுற்றளவு அளந்து, வளர்ச்சியைக் கணிப்பது என் வேலை. ஒரு வருடம் வெயிலில் அலுத்துப்போய்ப் பாதியை மட்டும் அளந்தேன். மீதி மரங்களுக்கு, பழைய அளவோடு இரண்டு சென்டிமீட்டர் கூட்டி நிழலில் உட்கார்ந்தே எழுதினேன். வரைபடத்தில் வளர்ச்சிக் கோடு அழகாக வந்தது.

அடுத்த வருடம், அங்கே ஆடு மேய்க்கும் முத்தம்மாள் பதினொரு தகடுகளை என்னிடம் நீட்டினார்.

“போன வருசம் நீங்க வாரதுக்கு முன்னாடியே இந்த மரமெல்லாம் பட்டுப்போச்சு சார். விறகுக்கு வெட்டிட்டாக. நீங்க தேடுவீகன்னு தகட்ட எடுத்து வச்சேன்.”

“அப்பவே கொடுத்திருக்கலாமே?”

“அங்கனதான் காத்துக் கெடந்தேன். நீங்க அந்தப் பக்கம் வரவேயில்லையே சார்.”

அன்று எல்லா மரங்களையும் அளந்தேன். போன வருட வளர்ச்சிக் கோட்டை மட்டும் கடைசிவரை திருத்தவில்லை. வெட்டிய பதினொரு மரங்களும் அதில் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன.