கடைசிப் பாட்டில் தோட்டக்காரர் குரல்

எங்கள் ராக் பேண்டின் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்ய, மாரண்டஹள்ளிக்கு வெளியே காலியாகக் கிடந்த பட்டுப்புழு வளர்ப்புக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தோம். பக்கத்துத் தக்காளித் தோட்டக்காரர் நெடுநெடுவென்று இருப்பார். தலையில் எந்நேரமும் ஈரத் துண்டு. அவருடைய கிணற்று மோட்டார் இரைச்சல் மைக்கில் விழுந்தது. பாடும்போது மட்டும் நிறுத்த முடியுமா என்று கேட்டோம்.

"அதுக்கென்னங்க" என்று உடனே நிறுத்திவிட்டார்.

தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது. பாட்டு உச்சத்துக்குப் போகும் நேரமாகப் பார்த்துக் கதவைத் திறந்து தலையை நீட்டுவார்.

"முடிஞ்சிதுங்களா?"

மறுபடி முதலிலிருந்து வாசிப்போம். வாசலில் சிவப்பு விளக்கு மாட்டினோம். "லைட்டு எரியுதே, முடிஞ்சிதுங்களா?" என்று வந்து நின்றார். நாங்களே வந்து சொல்கிறோம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். தலையாட்டிவிட்டுப் போய், திரும்பவும் வந்தார்.

கடைசிப் பாட்டைப் பாடகன் தொண்டை கட்டும் அளவுக்குப் பாடி முடித்த நொடியிலும் அதே குரல். இனி அவனால் பாட முடியாது. வேறு வழியின்றி அப்படியே வெளியிட்டோம். கேட்டவர்கள் எல்லோரும் அந்த இடத்தைத்தான் பாராட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவருக்கும் அனுப்பினேன். கேட்டுவிட்டுப் போன் செய்தார்.

"பாட்டு நல்லாத்தாங்க இருக்குது. ஆனா வெயில்ல செடி வாடுதேன்னு அத்தன தடவ ஓடியாந்து கேட்டனே, ஒருத்தரும் முடிஞ்சிதுன்னு வந்து சொல்லலீங்களே?"

இப்போது மேடையில் அந்தப் பாட்டு முடிந்ததும் கூட்டமே "முடிஞ்சிதுங்களா?" என்று கத்துகிறது. டிரம்ஸ் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "முடிஞ்சிதுங்க, மோட்டாரைப் போடுங்க" என்கிறேன். ஊரே கேட்கிறது, அவரைத் தவிர.