வடக்கு வாசலில் வெயில்

பல் டாக்டர் ஊசி போட்டுவிட்டு வாயைத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறார். ஹாலியாவின் கை மட்டும் நாற்காலியை விட்டு நழுவிப் பக்கத்து ஜன்னல் சட்டத்தின் மேல் ஊர்ந்துகொண்டிருக்கிறது. ஈரமான புறங்கையைச் சட்டத்தோரம் நகர்த்தினால் எந்த இடுக்கில் காற்று புகுகிறது என்று தோல் சொல்லிவிடும். மரத்துப்போன நாக்கோடு, "கீழ் மூலை ஒழுகுது டாக்டர்" என்றாள். அவர் பல்லைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, கீழ்வரிசையை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்.

ஐம்பத்து நான்கு வயது. கனடாவின் வின்னிபெக் ஏரிக்கரை ஊர்களில் பழைய ஜன்னல்களையும் கதவுகளையும் பெயர்த்தெடுத்துப் புதியவை பொருத்துவது தொழில். கொண்டையில் பென்சில், முழங்காலில் தடித்த ரப்பர் பட்டை. ஒருமுறை பட்டையைக் கழற்ற மறந்து தேவாலயத்துக்குப் போய்விட்டாள். மண்டியிடச் சௌகரியமாக இருந்ததால் இப்போது வேண்டுமென்றே போட்டுக்கொண்டு போகிறாள் என்பது தங்கை பரப்பும் சேதி. மத்தியானச் சாப்பாடு, முந்தின நாள் செய்த பெரோகி என்னும் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை. அதையும் வேனில் சாய்ந்து நின்றபடி ஆறிப்போனதாகத்தான் தின்பாள்.

அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளப்பாள். உயரத்தையும் அப்படியே. மூன்றில் சிறியதைத்தான் எழுதிக்கொள்வாள். "பெருசா செஞ்சா உள்ள போகாது. சிறுசா இருந்தா சந்துல ரப்பர் நுரை அடைச்சு சமாளிச்சுக்கலாம். மனுசங்களும் அப்படித்தான்" என்பாள். அந்தக் கடைசி வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

தொழிலில் பொய் மட்டும் வராது. மூன்றடுக்குக் கண்ணாடி போட்டால் தெருச் சத்தமே கேட்காது என்று கம்பெனிப் புத்தகத்தில் அச்சடித்திருக்கும். இவள், "கேக்கும். கொஞ்சம் கம்மியா கேக்கும்" என்பாள். இதனால் கம்பெனிக்காரர்களுக்கு இவள்மேல் வருத்தம், ஊர்க்காரர்களுக்கு நம்பிக்கை.

போன செப்டம்பரில் கிம்லியில் எய்னார், லாரா தம்பதியின் வீட்டு ஜன்னல்களுக்கும் வாசல் கதவுக்கும் அளவெடுக்கப் போனாள். எய்னார் நாற்பது வருஷம் ஏரியில் மீன் பிடித்தவர். பிப்ரவரியில் வாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. விழவில்லை, "முக்கால்வாசி சரியாயிடுச்சு" என்பது அவர் கட்சி. துறைமுகத்துக் காப்பிக்கடைக்கு அப்பா பழையபடி தனியாகப் போய்வரட்டும், இல்லாவிட்டால் பனி விழுமுன் இருவரையும் முதியோர் விடுதியில் சேர்த்துவிடுவேன் என்று மகள் கெடு வைத்திருந்தாள். அவரும் தினமும் நாளைக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சமையலறை ஜன்னலை அளக்கும்போது லாரா மெல்லிய குரலில் சொன்ன விஷயம் இது.

அளந்து முடித்ததும் எய்னார் வழியனுப்ப வாசலுக்கு வந்தார். அந்தப் பக்கத்து வீடுகளில் எல்லாம் இருப்பதுபோல உள்ளே ஒரு மரக்கதவு, அதற்கு வெளியே தானாகச் சாத்திக்கொள்ளும் கண்ணாடிக் கதவு. ஒரு கையால் இதை இழுத்து, மறு கையால் அதைத் தள்ளி, அது திருப்பி அடிக்குமுன் இடுப்பால் தடுத்து இறங்க வேண்டும். ஐந்து வயதுக் குழந்தைக்கும் அங்கே இந்த இடுப்பாட்டம் வரும். எய்னாரின் இடது கை கோட்டுப் பைக்குள் இருந்தது, வலது கையில் தடி. தடியோடு சேர்த்துத் தள்ளினார். கதவு திரும்பி வந்து அவர் தோளில் இடித்தது.

"காத்து ஜாஸ்தியா இருக்கு" என்றார்.

வெளியே ஒரு இலைகூட அசையவில்லை. பின்னால் வந்த லாரா அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக் கதவைத் தள்ளிவிட்டார். ஹாலியா அந்த வெளிக்கதவையே பார்த்துக்கொண்டு படியிறங்கினாள்.

மறுவாரம் கதவு தேர்ந்தெடுக்க உட்கார்ந்தார்கள். லாராவுக்குக் கருநீலக் கதவும், அதற்கு முன்னால் முழுக்கண்ணாடி வெளிக்கதவும் வேண்டும். எய்னார் படப் புத்தகத்தில் மூழ்கியிருந்தார். ஹாலியா கொண்டைப் பென்சிலை உருவினாள், மறுபடி செருகினாள்.

"வெளிக்கதவு வேணாங்க. கருநீலத்துக்கு முன்னாடி கண்ணாடி போட்டா நடுவுல வெயில் அடைஞ்சு பெயிண்ட் கொப்புளிச்சுப்போயிடும்."

தெற்கு பார்த்த வாசலுக்கு அது சத்தியமான வார்த்தை.

"ஏம்மா, இது வடக்கு வாசல்" என்றார் லாரா. "வெயில் எங்கேர்ந்து வரும்?"

ஹாலியாவின் காதுமடல் சிவந்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பழக்கமில்லாதவள். எய்னார் பக்கமும் திரும்ப முடியாமல், லாராவையும் பார்க்க முடியாமல், அளவுநாடாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். லாரா அவளைப் பார்த்தார். பிறகு கணவரின் கோட்டுப் பையைப் பார்த்தார்.

"நீ சொல்றது சரிதான்" என்றார் நிதானமாக. "ஜூன் மாசமெல்லாம் இந்தப் பக்கம் வெயில் சுள்ளுனு அடிக்குது."

"நான் அதைத்தான் அப்பவே சொன்னேன்" என்றார், அதுவரை வாயே திறக்காத எய்னார்.

வெளிக்கதவு இல்லையென்றால், மைனஸ் முப்பது டிகிரிக் குளிரை ஒற்றைக் கதவே தடுத்தாக வேண்டும். அதனால் சுற்றிலும் தடித்த ரப்பர் வைத்த கதவாகப் பார்த்து வரவழைத்தாள். கைப்பிடியும் உருண்டை இல்லை, முழங்கையால் அழுத்தினால்கூட இறங்கும் நீளப்பிடி. அக்டோபரில் ஒரு நாள் காலையில் தொடங்கி மாலைக்குள் கதவைப் பொருத்திவிட்டாள். நாலு பக்கமும் புறங்கையை ஓட்டிப் பார்த்தாயிற்று, மயிரிழைக் காற்று இல்லை. ஆனால் ரப்பர் புதுசு, விறைப்பு. தோள் கொடுத்துத் தள்ளினால்தான் தாழ் விழுந்தது. ரொம்பத் தளர்த்தினால் குளிர் வரும், தளர்த்தாவிட்டால் எய்னார் வீட்டுக்குள்ளேயே இருப்பார்.

காப்பி ஆறுகிறது, கேக் வெட்டிவிட்டேன் என்று உள்ளேயிருந்து லாரா கூப்பிட்டார். இதோ வருகிறேன் என்றாள் ஹாலியா. மூலையில் கிடந்த துடைப்பத்தை வலது கையில் தடிபோல ஊன்றிக்கொண்டாள். இடது கையைக் கோட்டுப் பைக்குள் போட்டாள். முழங்கையால் கைப்பிடியை அழுத்திக் கதவைத் திறந்து, படியிறங்கி, திரும்ப ஏறி உள்ளே வந்து, முழங்கையாலேயே தள்ளிச் சாத்தினாள். தாழ் விழவில்லை. துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுத் திருப்புளியால் நிலையில் தாழ் போய் மாட்டும் தகட்டை இம்மியளவு நகர்த்தி முடுக்கினாள். பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, இடது கையை மறுபடியும் பைக்குள் போட்டாள்.