கலியபெருமாள் அண்ணனின் மெதுவான கருவி

கலியபெருமாள் அண்ணன் இறந்த செய்தி வந்தபோது, தஞ்சாவூரில் எங்கள் பட்டறையில் அவர் பாதியில் வைத்துவிட்டுப் போன வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அழைத்தவர் அவருடைய தங்கை தமிழ்ச்செல்வி. "அண்ணன் காலையில தவறிட்டாங்கம்மா. நெஞ்ச வலிக்குதுன்னு ஒக்காந்தாங்க, அவ்வளவுதான்." அவர் போயிருந்த சொந்த ஊரான கீழ்வேளூருக்கு உடனே பஸ் ஏறினேன்.

நண்பர்கள் பலருக்கு அவரைத் தெரியும். நாங்கள் செய்த வேலை என்னவென்று தெரியாது. கடைகளில் இப்போது கிடைக்காத பழைய கையடக்க வீடியோ கேம் கருவிகளைப் புதிதாகச் செய்தோம். அந்த விளையாட்டுகளைக் கைபேசியிலேயே ஒரு மென்பொருள் ஓட்டிக் காட்டிவிடும். அண்ணனுக்கு அது போதாது. உள்ளே ஓடும் மின்சுற்றை நாமே வரைந்துகொள்ளக்கூடிய சிப் ஒன்று உண்டு. அதில் பழைய கருவியின் சுற்றையே மறுபடி எழுப்புவார். "அது வேஷம் கட்டுறது மேடம். நாம ஆளையே திரும்பக் கொண்டாரோம்" என்பார். அவரைவிட மிக இளையவளான என்னைக் கேலிக்காகவே மேடம் என்றுதான் கூப்பிடுவார்.

எங்கள் முதல் கருவிக்கு மாதிரி, அவர் சிறுவயதில் விளையாடியது. சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. அதை அணு அணுவாக அளந்தார். செய்து முடித்ததைச் சோதித்துப் பார்க்கச் சிலருக்கு அனுப்பினோம். ஒருவர் எழுதினார்: "எல்லாம் சரி. கேம்ல வர்ற பாட்டு மட்டும் காய்ச்சல்ல படுத்த மாதிரி வருது."

அண்ணனுக்குக் கோபம். "இந்தப் பாட்டைக் கேட்டு வளந்தவன் நான். எங்கிட்டயே சொல்றான் பாருங்க!"

நான் அதே ரகத்தில் இன்னொரு பழைய கருவியைத் தேடி வாங்கி, அதையும் அண்ணனின் பழைய கருவியையும் பக்கத்தில் வைத்து ஒரே நேரத்தில் ஓடவிட்டேன். அண்ணனுடையது பின்தங்கியது. திறந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. கருவியின் வேகத்தை நிர்ணயிக்கும் கிரிஸ்டல் அந்தக் கருவிக்கு உரியதல்ல; பட்டன் வைத்த பழைய தொலைபேசியில் இருப்பது.

அண்ணன் கிரிஸ்டலைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டப் போனபோது கருவி வாய்க்காலில் விழுந்ததாம். கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் பார்ப்பவர், கையில் இருந்த கிரிஸ்டலைப் போட்டு உயிர் கொடுத்திருக்கிறார். "தெருவுலயே நான்தான் சாம்பியன். கடைசில பாத்தா, நொண்டுற குதிரைய ஜெயிச்சிருக்கேன்!" சரியான வேகத்தில் விளையாடிப் பார்த்தார். முதல் கட்டத்திலேயே தோற்றார்.

மெதுவான வேகத்தையும் ஒரு தேர்வாக வைக்கலாமே என்றேன். "எதுக்கு? தப்பா அளந்தோம்னு விளம்பரமா?" புதிய கருவியைத் திருத்தினார். அதோடு நிற்கவில்லை. தன் பழைய கருவியிலும் அந்தக் கிரிஸ்டலை எடுத்துவிட்டுச் சரியானதைப் பற்றவைத்தார். எடுத்ததைக் கணினித் திரையின் ஓரத்தில் டேப் போட்டு ஒட்டி, டேப்பின் மேல் 'குற்றவாளி' என்று எழுதினார். அன்றிலிருந்து யார் எதை அளந்து சொன்னாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "இன்னொண்ணு எங்க?"

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தலில் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். தமிழ்ச்செல்வி அக்கா அந்தப் பழைய கருவியோடு வந்தார்.

"இதைப் போன தடவை வந்தப்ப வச்சிட்டுப் போனாங்க. இதுல என்னத்தப் பண்ணுனாங்க? பாட்டு ஓட்டமா ஓடுது. சின்னதுல எங்கிட்டத் தரவே மாட்டாங்க. பக்கத்துல படுத்துக்கிட்டுப் பாட்டை மட்டும் கேட்டுக்கிட்டே தூங்கிடுவேன். அது இது இல்லம்மா."

விஷயத்தைச் சொன்னேன். முன்பு கேட்டதுதான் தவறு, இப்போதிருப்பதே சரி என்றும் சொன்னேன்.

"சரியா இருந்து என்ன பண்றது? நீங்க வேலை பாத்த எடத்துல உங்களுக்கு அண்ணன் இருக்காங்க. எனக்கு அந்தப் பாட்டுதான். அதைத் திரும்ப வரவைக்க முடியுமா, முடியாதா?"

முடியும். அண்ணன் வேண்டாமென்று முடிவு செய்த ஒன்றை அவர் இல்லாதபோது மாற்றுவதுதான் எனக்குத் தயக்கம். கருவியை வாங்கிக்கொண்டு தஞ்சாவூர் வந்தேன். இரண்டு நாள் அது மேசையிலேயே கிடந்தது. ஆளையே திரும்பக் கொண்டுவருவதாக அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. அக்கா கேட்பதும் அதைத்தானே? டேப்பை உரித்து, தொலைபேசிக் கிரிஸ்டலை எடுத்து, கருவியில் முன்பு அது இருந்த இடத்திலேயே பற்றவைத்தேன்.

கீழ்வேளூரில் அக்கா கருவியை வாங்கிப் பொத்தானை அழுத்தினார். பாட்டு இழுத்து இழுத்து வந்தது. அவர் விளையாடவில்லை. காதோடு வைத்துக்கொண்டார். "ஆங். இதுதான்" என்றார். அப்புறம் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருந்திருந்தா இப்பக்கூட எங்கிட்டக் குடுக்க மாட்டாங்க" என்று சிரித்தார்.

பட்டறையில் புதிய கருவிகள் சரியான வேகத்திலேயே போகின்றன. எதை அளந்தாலும் இன்னொன்றைத் தேடிவிட்டுத்தான் எழுதுகிறேன். அவருடைய பொருள் என்று என்னிடம் இருப்பது அந்த டேப் துண்டு மட்டும். திரையின் ஓரத்தில் மறுபடி ஒட்டிவைத்திருக்கிறேன். அவர் கையெழுத்தில் 'குற்றவாளி' என்றிருக்கிறது. டேப்புக்கு அடியில் இப்போது ஒன்றும் இல்லை.